மெரினாவுல 263 மீட்டர் மரப்பாதை: திருவல்லிக்கேணி தாத்தா பாட்டிக்கு கடல் எவ்ளோ தூரம்?

மெட்ராஸ்ல வயசானவங்க காலாற போய் உக்கார ஒரு இடம் இல்லைன்னு யாராச்சும் புலம்பினா உடனே வர்ற பதில் "ஏன், மெரினா இருக்கே". இருக்குதான். ஆறு கிலோமீட்டர்னு ஒரு கணக்கு, 13 கிலோமீட்டர்னு ஒரு கணக்கு, எங்க ஆரம்பிச்சு எங்க முடிக்கிறோம்ங்கிறதைப் பொறுத்து, எப்படிப் பாத்தாலும் ஊர்லயே பெரிய திறந்தவெளி அதுதான், டிக்கெட் கிடையாது, கேட்டு கிடையாது, யாரும் உள்ள விடமாட்டேன்னு சொல்ல முடியாது. ஆனா திருவல்லிக்கேணி, மயிலாப்பூர், ராயப்பேட்டைன்னு பீச்சுக்கு கூப்பிடு தூரத்துல குடியிருந்துக்கிட்டு, அலையை கிட்டக்க நின்னு பாத்து பத்து வருஷம் ஆனவங்க எத்தனையோ பேர். வாக்கிங் போறவங்க இருக்காங்க, அவங்க பிளாட்பாரத்துல போவாங்க, வருவாங்க, அருகம்புல் ஜூஸ் குடிப்பாங்க, பேசிட்டு வீட்டுக்குப் போயிடுவாங்க. கடல் அங்கிட்டு தூரத்துல ஒரு கோடா தெரியும். நடுவுல மணல்.

அந்த மணல்ல 2022 நவம்பர் 27ஆம் தேதி சென்னை மாநகராட்சி ஒரு மரப்பாதை திறந்தது. விவேகானந்தர் இல்லம் எதிர்ல, 263 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், செலவு 1.14 கோடி, மாற்றுத்திறனாளிகளுக்கும் வயசானவங்களுக்கும்னு சொல்லிக் கட்டினது. அப்ப சேப்பாக்கம்-திருவல்லிக்கேணி எம்எல்ஏவா இருந்த உதயநிதி ஸ்டாலின்தான் திறந்து வச்சார். கணக்கு போட்டா மீட்டருக்கு சுமார் 43 ஆயிரம் ரூபா. இந்தப் பாதையைத்தான் இங்க ஆய்வுக்கு எடுத்துக்கிறேன், ஏன்னா வயசானவங்களும் பொது இடமும்னு பேசும்போது எல்லாரும் பூங்கா எத்தனை, ஏக்கர் எத்தனைன்னு எண்ணிட்டு இருக்கோம், வீட்டு வாசல்ல இருந்து அங்க போய்ச் சேர்ற வழியை யாரும் அளக்கிறதில்ல. மெரினாவை விட பெரிய இடம் வேணுமா என்ன, இருந்தும் அது அவங்களுக்கு இல்லாமத்தானே இருந்தது.

இவ்ளோ மணல் எங்க இருந்து வந்துச்சு

பாதை ஆரம்பிக்கிற இடத்துக்கு எதிர்ல இருக்கிற விவேகானந்தர் இல்லத்துக்கு பழைய பேரு ஐஸ் ஹவுஸ். 1842ல அமெரிக்காவோட டியூடர் கம்பெனி கட்டினது, பாஸ்டன் பக்கம் ஏரியில வெட்டின ஐஸ் கட்டியை கப்பல்ல கொண்டாந்து இங்க இறக்கி வச்சு வித்தாங்க. இந்த வெயில்ல, ஐஸை, இப்ப இருக்கிற மாதிரி முன்னூறு மீட்டர் மணல்ல சுமந்துட்டா வந்திருப்பாங்க? கடல் அப்ப கிட்டக்க இருந்தது.

அப்புறம் 1870கள்ல துறைமுகம் கட்ட ஆரம்பிச்சாங்க. நம்ம கடற்கரையில வருஷத்துல பெரும்பாலான மாசம் அலையோட சேர்ந்து மணல் தெற்குல இருந்து வடக்க நகர்ந்துட்டே இருக்கும், துறைமுகத்து கல் சுவர் அதுக்குக் குறுக்க நின்னுச்சு, மணல் தெற்குப் பக்கம் தேங்க ஆரம்பிச்சுது. மெரினா அகலமாச்சு. வடக்க ராயபுரம் காசிமேடு பக்கம் போக வேண்டிய மணல் போகல, அங்க கடல் அரிச்சுது, இன்னைக்கு வரைக்கும் கல்லைக் கொட்டித்தான் நிறுத்தி வச்சிருக்காங்க. 1884ல கவர்னர் கிராண்ட் டஃப் நடைபாதை போட்டு மெரினான்னு பேர் வச்சப்போ இருந்த கரை வேற, இப்ப இருக்கிறது வேற. இப்ப சராசரியா 300 மீட்டர், ரொம்ப அகலமான இடத்துல 437 மீட்டர்னு சொல்றாங்க. அதாவது வயசானவங்களுக்கும் கடலுக்கும் நடுவுல இருக்கிற தூரமே ஒரு பழைய இன்ஜினியரிங் வேலையோட பக்கவிளைவு. ஒரு கட்டுமானம் தள்ளி வச்சதை இன்னொரு கட்டுமானம் போட்டு கிட்ட கொண்டு வர்றதுல தப்பு ஒண்ணும் இல்ல, "கடற்கரையில எதுக்குங்க மரப்பலகை, இயற்கையா விடுங்க"ன்னு பாதை போட்டப்போ எழுதினவங்களுக்கு இதைச் சொல்லணும்னு தோணுச்சு.

இன்னொன்னு, மணல்ல நடக்கிறது சின்ன வயசுக்காரங்களுக்கே சுலபம் இல்ல. 1998ல பெல்ஜியத்துல செஞ்ச ஒரு ஆய்வுல, கெட்டித் தரையில நடக்கிறதை விட அதே வேகத்துல மணல்ல நடக்க 2.1ல இருந்து 2.7 மடங்கு சக்தி செலவாகுதுன்னு அளந்து காட்டினாங்க. 300 மீட்டர் மணல், அதுவும் போக வர, எழுபத்தஞ்சு வயசு முட்டிக்கு அது ஒன்றரை கிலோமீட்டர் நடையாயிடும். அதோட மணல்ல கால் புதையும்போது கணுக்கால் ஒருக்களிச்சு திரும்பும், ஊன்றுகோல் இறங்கிடும், விழுந்தா பிடிச்சு எழுந்திரிக்க ஒண்ணும் கிடையாது. விழுந்துடுவோமோங்கிற அந்த பயம் ஒண்ணே போதும் வயசானவங்களை வீட்டோட உக்கார வைக்க.

திறந்தாங்க, புயல் வந்துச்சு

பாதை ஒரே நாள்ல வந்தது இல்ல. அதுக்கு முன்னாடி சில வருஷமா டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் தினத்தை ஒட்டி மெரினாவுல தற்காலிகமா ஒரு பாதை போட்டு, சில நாள் வச்சிருந்துட்டு எடுத்துடுவாங்க. வீல்சேர்ல இருக்கிறவங்க அந்த சில நாளுக்காக வருஷம் பூரா காத்திருக்கணும். நிரந்தரமா போடுங்கன்னு கேட்டுக்கேட்டு, போராடி, கடலோர ஒழுங்குமுறை மண்டல அனுமதி வாங்கி, அதெல்லாம் தாண்டித்தான் இது வந்தது. கடற்கரையில கான்கிரீட் போட முடியாது, அதனாலதான் மரம், தூண் மேல பலகை, ரெண்டு பக்கமும் மரக் கைப்பிடி, கடல் பக்கம் முடியிற இடத்துல நின்னு பாக்க கொஞ்சம் இடம்.

முதல் நாள்லயே கூட்டம் ஏறிடுச்சு. யாருக்காகக் கட்டினாங்களோ அவங்க போக வழியில்லாம காலேஜ் பசங்க, குடும்பம் குடும்பமா செல்ஃபி எடுக்கிறவங்கன்னு நின்னுட்டு இருந்தாங்க. அதுக்கு அப்புறம் ஆள் போட்டு ஒழுங்குபடுத்த வேண்டியதா போச்சு. ரெண்டு வாரம் கூட ஆகல, டிசம்பர் 9 ராத்திரி மாண்டஸ் புயல் மாமல்லபுரம் பக்கம் கரையைக் கடந்துச்சு, பாதையோட கடல் பக்கம் இருந்த பகுதி அலையில பேந்து போச்சு. அப்புறம் கேக்கணுமா, நம்ம ஆளுங்க மீம் போட்டே தள்ளிட்டாங்க, ஒரு கோடி ரூபா கடல்ல போச்சுன்னு. டிவில அன்னிக்கு முழுக்க அதே காட்சி. சரி பண்ணி மறுபடி திறந்தது எத்தனை பேருக்குத் தெரியும்னு எனக்கு சந்தேகம்தான், இப்பவும் "அந்த பாலம் புயல்ல போயிடுச்சே"ன்னு சொல்றவங்க இருக்காங்க.

இதுல என் கருத்து, புயல்ல கொஞ்சம் போகும்னு தெரிஞ்சேதான் கட்டணும். கடல் ஓரத்துல இருக்கிற மரம் உப்புக் காத்துல உப்பும், காயும், ஸ்க்ரூ தலை தூக்கும், வடகிழக்குப் பருவமழை ஒவ்வொரு வருஷமும் வரும். பெருசா புயல் வந்தா பாதையோட கடைசி துண்டைக் கழட்டி எடுத்து வச்சுட்டு திரும்ப மாட்டுற மாதிரி இருந்தா நல்லது. பராமரிப்புக்கு வருஷா வருஷம் காசு ஒதுக்கி, மாசம் ஒரு தடவை ஒரு ஆள் சுத்தியலோட நடந்து பாத்தா போதும், அதுதான் திறப்பு விழாவை விட முக்கியம், ஆனா அதுக்கு ரிப்பன் வெட்ட முடியாது.

பெரியம்மாவோட போனது

என் பெரியம்மா திருவல்லிக்கேணில இருக்காங்க, 78 வயசு, ரெண்டு முட்டியும் தேஞ்சு போச்சு, வாக்கர் வச்சுத்தான் நடப்பாங்க. கல்யாணம் ஆகி வந்ததுல இருந்து அதே தெரு. மாசி மகத்துக்கு பார்த்தசாரதி பெருமாள் கடலுக்குப் போறப்போ பின்னாடியே போனவங்க, பெரியப்பா இருந்த வரைக்கும் ஆடி அமாவாசை, தை அமாவாசைக்கு அவர் கடல்ல தர்ப்பணம் பண்ணப் போறப்போ கூடவே போனவங்க. அப்புறம் முட்டி விடல. "மொட்டை மாடில நின்னா ராத்திரில சத்தம் கேக்கும்டா, பாத்துதான் நாளாச்சு"ன்னாங்க. சரின்னு ஒரு சாயங்காலம் ஆட்டோ வச்சு கூட்டிட்டுப் போனேன்.

ஆட்டோவுல இருந்து இறங்கின இடத்துல இருந்து பாதை ஆரம்பிக்கிற வரைக்கும்தான் கஷ்டம். சர்வீஸ் ரோட்டுல வரிசையா வண்டி, நடுவுல நடுவுல பஜ்ஜிக் கடை, பாதை முனையில மணல் படிஞ்சு அடையா கிடக்கு. பாதையில ஏறினதும் ஆளே மாறிட்டாங்க. வாக்கரை என் கையில குடுத்துட்டு கைப்பிடியைப் பிடிச்சுக்கிட்டாங்க, அந்த மரக் கைப்பிடி பிடிக்க வாட்டமா இருக்கு, இரும்புக் குழாயா இருந்தா வெயில்ல கை வச்சிருக்க முடியாது, இதை யோசிச்சவங்களுக்கு ஒரு நன்றி. பலகை மேல காத்துல வந்த மணல் லேசா பரவி இருந்தது, அவங்க செருப்பு ரெண்டு இடத்துல சறுக்குச்சு, அப்புறம் செருப்பைக் கழட்டி அதையும் என்கிட்டயே குடுத்துட்டாங்க. வழியில நாலு தடவை நின்னாங்க. நின்னப்போ உக்கார ஏதாவது இருந்திருந்தா நல்லா இருந்திருக்கும், கைப்பிடியில சாஞ்சுக்கிட்டே மூச்சு வாங்கினாங்க. 263 மீட்டர்ங்கிறது நமக்கு நாலு நிமிஷம், அவங்களுக்கு கால் மணி நேரம்.

கடைசியில போய் நின்னதும் நான் ஏதோ எதிர்பாத்தேன், அவங்க ஒண்ணும் சொல்லல, கொஞ்ச நேரம் பாத்துட்டு "இந்த மாங்கா பத்தை இப்ப எவ்ளோ விக்கிறான்"னு கேட்டாங்க. விலையைச் சொன்னதும் திட்டினாங்க. அப்புறம் தண்ணி காலைத் தொடணும்னாங்க. பாதை தண்ணி வரைக்கும் போகாது, மிச்சம் மணல்தான், அது ஈர மணல்ங்கிறதால கெட்டியா இருக்கும், நானும் பக்கத்துல நின்ன ஒரு பையனும் ஆளுக்கு ஒரு கை பிடிச்சு இறக்கினோம். ரெண்டு அலை வந்துச்சு, புடவை முழங்கால் வரைக்கும் நனைஞ்சுது. பக்கத்துல இன்னொரு அம்மா வீல்சேர்ல, அவங்க பொண்ணு பாட்டில்ல கடல் தண்ணி மொண்டு வந்து காலுல ஊத்திட்டு இருந்தா. ரெண்டு அம்மாவும் பேச ஆரம்பிச்சுட்டாங்க, எந்தத் தெரு, யார் வீடு, எந்த டாக்டர்னு போச்சு பேச்சு. அடுத்த வாரமும் இதே நேரம் வருவீங்களான்னு கேட்டது பெரியம்மாதான்.

அப்புறம் இருபது நிமிஷத்துல பாத்ரூம் போகணும்னாங்க. கெளம்பிட்டோம்.

வழியில எத்தனை இடத்துல அறுந்து போகுது

இதைத்தான் சொல்ல வந்தேன். வயசானவங்களுக்கு ஒரு பொது இடம் உதவுதா இல்லையாங்கிறது அந்த இடத்தோட அழகுல இல்ல, வழியில எங்கயாச்சும் ஒரு இடம் அறுந்தாலும் அவங்க வரமாட்டாங்க. நம்மளை மாதிரி "பரவால்ல சமாளிச்சுக்கலாம்"னு கெளம்ப மாட்டாங்க.

பாத்ரூமை முதல்ல வைக்கணும். பிபி மாத்திரை பல பேருக்கு நீரை வெளிய தள்றது, சுகர் இருக்கு, ஆம்பளைங்களுக்கு புராஸ்டேட், பொம்பளைங்களுக்கு தும்மினாலே பிரச்சனை. பொம்பளைங்க என்ன பண்றாங்கன்னா வெளிய போற அன்னிக்கு காலையில இருந்தே தண்ணி குடிக்கிறதைக் குறைச்சுடுவாங்க. மெட்ராஸ் வெயில்ல, எழுபது வயசுல, தண்ணி குடிக்காம பீச்சுக்கு. உடம்பு நல்லா இருக்கணும்னு வெளிய வந்து உடம்பைக் கெடுத்துக்கிற கதை. மரப்பாதைக்கு செலவு பண்ணின இடத்துல, அதோட முனையிலயே கைப்பிடி வச்ச, வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிற, யாராச்சும் கழுவி வைக்கிற ஒரு கழிப்பறை இருந்தா மேல இன்னும் அரை மணி நேரம் உக்காருவாங்க. அந்த அரை மணி நேரம்தான் பேச்சு வளர்ற நேரம்.

ரெண்டாவது, மெரினாவை ஒட்டிப் போற காமராஜர் சாலையைக் கடக்கிறது. நடக்கிறவங்க வேகம் செகண்டுக்கு 1.2 மீட்டர்னு வச்சுத்தான் சிக்னல் நேரம் போடுறது வழக்கம். முட்டி வலிக்காரங்க 0.8 மீட்டர் போனா பெருசு. 25 மீட்டர் அகல ரோடுன்னு வச்சுக்கிட்டா முதல் கணக்குக்கு 21 செகண்டு, ரெண்டாவது கணக்குக்கு 31 செகண்டு. அந்தப் பத்து செகண்டுல அவங்க நடு ரோட்டுல, பஸ்ஸும் பைக்கும் கெளம்பிடும், ஹாரன் வேற. சிங்கப்பூர்ல 2009ல இருந்து கிரீன் மேன் பிளஸ்னு ஒண்ணு இருக்கு, மூத்தோர் தங்களோட கார்டை சிக்னல் கம்பத்துல காட்டினா பச்சை இன்னும் சில செகண்டு நீளும். பெரிய டெக்னாலஜி எல்லாம் இல்ல.

பஸ்ஸுக்கு வந்தா, 2016ல இருந்து சென்னையில 60 வயசு தாண்டினவங்களுக்கு மாசம் 10 இலவச டோக்கன் இருக்கு, நல்ல திட்டம், ஆனா டோக்கன் கையில இருந்து படி ஏற முடியலைன்னா என்ன பண்றது. 2024 ஆகஸ்ட்ல தாழ்தளப் பேருந்து திரும்ப வர ஆரம்பிச்சதுக்கு அப்புறம் கொஞ்சம் பரவால்ல, எந்த ரூட்ல எப்ப வரும்ங்கிறது அதிர்ஷ்டம். பறக்கும் ரயில் திருவல்லிக்கேணி, கலங்கரை விளக்கம்னு பீச்சை ஒட்டியே போகுது, ஸ்டேஷன் மாடில இருக்கு.

நிழல். பாதை மேல நிழல் கிடையாது, போடவும் லேசுல முடியாது, அதனால காலையில எட்டு மணிக்குள்ள, சாயங்காலம் நாலரைக்கு மேல, அவ்ளோதான் நேரம். வெயில் காலத்துல கடல்காத்து உள்ள வர லேட்டாச்சுன்னா ஊரே கொதிக்கும், வயசான உடம்புக்கு வேர்க்கிறதும் கம்மி, தாகம் எடுக்கிறதும் கம்மி. 2024 அக்டோபர் 6 விமான சாகச நிகழ்ச்சி அன்னிக்கு மெரினாவுல லட்சக்கணக்குல கூட்டம், வெயில், தண்ணி கிடைக்காம, வெளிய வரவும் வழியில்லாம தவிச்சாங்க, அன்னிக்கு 5 பேர் இறந்தாங்க. அவங்க எல்லாரும் வயசானவங்க இல்ல. நடுத்தர வயசுக்காரங்களே தாங்காத இடத்துல தாத்தா பாட்டியை எப்படி எதிர்பாக்கிறது. இப்ப சுத்தமான கடற்கரைக்குக் குடுக்கிற ப்ளூ ஃப்ளாக்ங்கிற சர்வதேச தரத்துக்காக மூங்கில் குடையும் சாய்வு நாற்காலியும் போட்டிருக்காங்க, நல்லா இருக்கு, பாக்கிறதுக்கும் அழகு. ஆனா அந்த நாற்காலியில சாஞ்சு உக்காந்தா எழுந்திரிக்க ரெண்டு பேர் வேணும். வயசானவங்களுக்கு வேண்டியது பதினெட்டு அங்குலம் உயரத்துல, ரெண்டு பக்கமும் கை வச்சு எழுந்திரிக்கிற மாதிரி, முதுகு சாய ஒரு சாதா பெஞ்சு.

உடம்பா, பேச்சா

திறந்தவெளி வயசானவங்களுக்கு நல்லதுன்னு சொல்ல ஆய்வுக்குப் பஞ்சம் இல்ல. டோக்கியோவுல 1903, 1908, 1913, 1918 ஆகிய வருஷங்கள்ல பிறந்த 3,144 பேரை அஞ்சு வருஷம் கவனிச்சு 2002ல வெளியிட்ட ஆய்வு ஒண்ணு அடிக்கடி சொல்லுவாங்க, வீட்டுப் பக்கத்துல நடக்கிற மாதிரி மரமும் பச்சையுமா இருக்கிற இடம் இருந்தவங்க அஞ்சு வருஷம் கழிச்சு உயிரோட இருந்தது அதிகம், வயசு, வருமானம் இதெல்லாம் கழிச்சுப் பாத்தும். நடந்ததாலயா, பேசினதாலயா, இல்ல நல்லா இருக்கிறவங்கதான் அந்த மாதிரி இடத்துல குடியிருந்தாங்களாங்கிறதை ஒரே ஆய்வுல பிரிச்சுட முடியாது. 2007ல உலக சுகாதார நிறுவனம் முதியோருக்கு உகந்த நகரங்கள்னு வழிகாட்டி போட்டப்போ எட்டு தலைப்புல முதல் தலைப்பே வெளியிடமும் கட்டிடமும்தான், அதுக்காக வயசானவங்களைக் கேட்டு எழுதின ஊர்கள்ல டெல்லியும் உதய்ப்பூரும் உண்டு.

நம்ம ஊர்ல நான் பாத்த வரைக்கும் பேச்சுக்குத்தான் முதல் இடம். மயிலாப்பூர் லஸ் பக்கம் நாகேஸ்வர ராவ் பூங்கா, அமிர்தாஞ்சன் நாகேஸ்வர ராவ் பேர்ல இருக்கிறது, சின்ன இடம், மெரினாவோட ஒரு மூலைக்குக் காணாது. ஆனா காலையில போய்ப் பாருங்க, ஒரு பெஞ்சுல பென்ஷன் அரியர்ஸ், ஒரு பெஞ்சுல பேத்தி ஜாதகம், ஒரு பக்கம் செஸ். ஒருத்தர் ரெண்டு நாள் வரலைன்னா மூணாவது நாள் யாராச்சும் வீட்டுக்குப் போன் போட்டுடுவாங்க. பிள்ளைங்க அமெரிக்காவுல, ஆஸ்திரேலியாவுல, வீட்டுல ரெண்டு பேர் இல்லைன்னா ஒருத்தர், நாள் பூரா பேசினது வாட்ச்மேன்கிட்டயும் பால்காரர்கிட்டயும்ங்கிற நிலைமையில அந்த போன் கால் சும்மா விஷயம் இல்ல. 2019 நவம்பர்ல திறந்த பாண்டி பஜார் நடைபாதையிலயும் இதே. சுமார் 40 கோடி செலவு பண்ணி ஷாப்பிங்குக்காகப் போட்டது, சாயங்காலம் பாத்தா பொருள் வாங்காம பெஞ்சுல உக்காந்து ரோட்டைப் பாத்துட்டு இருக்கிற பெருசுங்கதான் பாதி. மட்டமான தரை, வெளிச்சம், பெஞ்சு, சுத்தி ஆள் நடமாட்டம், அதுக்கு மேல அவங்க ஒண்ணும் கேக்கல.

இதெல்லாம் இல்லாமப் போனா என்னாகும்னு கொரோனா காட்டுச்சு. 2020 மார்ச்ல மூடின மெரினாவை டிசம்பர் 14தான் பொதுமக்களுக்குத் திறந்தாங்க, ஒன்பது மாசம் கிட்ட. கடையெல்லாம் திறந்து மால் கூட திறந்ததுக்கு அப்புறமும் பீச் மூடியே இருந்தது. நோய் பயம் நியாயம்தான், ஆனா காத்தோட்டமா இருக்கிற இடத்தைக் கடைசியா திறந்தது என்ன லாஜிக்குன்னு எனக்கு இன்னும் புரியல. அந்த ஒன்பது மாசத்துல நடை நின்னு போன நிறைய பேர் திரும்ப ஆரம்பிக்கவே இல்ல, வயசான கால்ல ஒரு தடவை பலம் போனா திரும்பி வர்றது கஷ்டம்.

இங்க இன்னொரு கூட்டத்தையும் சேத்துக்கணும். பீச்ல வயசானவங்கன்னதும் நமக்கு ஞாபகம் வர்றது ஷூ போட்ட ரிட்டயர்டு ஆபீசர். நொச்சிக்குப்பம், நடுக்குப்பம், அயோத்திக்குப்பம்னு பீச்சை ஒட்டின மீனவக் குப்பங்கள்ல இருக்கிற பாட்டிகளும் இதே ஊர்ல வயசானவங்கதான். அவங்களுக்கு மணல் தடை இல்ல, அவங்க வாசலே அது, அறுபத்தஞ்சு எழுபது வயசுல மீன் கூடையோட அந்தக் குப்பங்களை ஒட்டிப் போற லூப் ரோட்டு ஓரத்துல உக்காந்திருப்பாங்க. 2023 ஏப்ரல்ல அந்தக் கடைகளை எடுக்கச் சொல்லி பிரச்சனை ஆனப்போ மீனவப் பெண்கள் ரோட்டுலயே மறியல் பண்ணினாங்க. நடக்கிறவங்களுக்கு வசதின்னு சொல்லி உக்காந்து பிழைக்கிற வயசானவங்களைக் கெளப்பினா, அதை எப்படி முதியோர் நலன்னு கணக்குல எழுதுறது? திட்டம் போடுறவங்க இந்த ரெண்டு கூட்டத்தையும் ஒரே மேஜையில உக்கார வச்சுக் கேட்டதா நான் பாக்கல.

யாருக்கு விடுறது

மரப்பாதையில இன்னும் தீராத விவாதம் ஒண்ணு இருக்கு, எல்லாரையும் விடுறதா, மாற்றுத்திறனாளிகளும் வயசானவங்களும் மட்டுமா. எல்லாரையும் விட்டா ஞாயித்துக்கிழமை சாயங்காலம் 3 மீட்டர் அகலத்துல வீல்சேர் திரும்பக் கூட முடியாது, காணும் பொங்கல் அன்னிக்கு கேக்கவே வேண்டாம். மத்தவங்க யாரையும் விடாம காவல் போட்டா வெறிச்சோடிப் போயிடும், ஆள் நடமாட்டம் இல்லாத இடத்துக்கு வயசானவங்க வரமாட்டாங்க, அதோட பாட்டிக்கு எழுபது வயசுன்னு யார்கிட்ட கார்டு காட்டிட்டு இருக்கிறது, கூட வந்த பேரனை விடுவியா மாட்டியான்னு வாசல்ல சண்டை. எனக்குத் தோணுறது, வார நாள்ல காலையில ஆறுல இருந்து எட்டு, சாயங்காலம் நாலரைல இருந்து ஆறரை அவங்களுக்கும் கூட வர்றவங்களுக்கும்னு வச்சுட்டு, மத்த நேரம் எல்லாருக்கும் விட்டுடலாம், வார கடைசியில மட்டும் ஆள் போட்டு ஒரு பக்கம் போக ஒரு பக்கம் வரன்னு ஒழுங்குபடுத்தணும். இதைச் சொன்னா பெரியம்மா "நாலரைக்கு வெயில்டா, அஞ்சு மணின்னு போடு"ங்கிறாங்க.

பெசன்ட் நகர் எலியட்ஸ் பீச்லயும் இதே மாதிரி மரப்பாதை போடுற வேலையை மாநகராட்சி எடுத்துச்சு. அங்க மணல் மெரினா அளவுக்கு அகலம் இல்ல, ரோடு சின்னது, கடக்கிறது சுலபம், பக்கத்துலயே கடைங்க, சர்ச், கோயில், சுத்தி நிறைய ரிட்டயர்டு ஜனம். ஜனவரில இருந்து ஏப்ரல் வரைக்கும் ஆமை முட்டை போட வர்ற கரை அது, அதனால ராத்திரி வெளிச்சம் போடுறதுல கவனம் வேணும். ரெண்டு பாதையையும் பக்கத்துல பக்கத்துல வச்சு, ஒரு வாரம் சாயங்காலம் உக்காந்து, அறுபது வயசுக்கு மேல எத்தனை பேர் வர்றாங்க, எவ்ளோ நேரம் இருக்காங்க, தனியா வர்றாங்களா யாராச்சும் கூட்டிட்டு வர்றாங்களான்னு எண்ணினா போதும், எது வேலை செய்யுது எது செய்யலைன்னு தெரிஞ்சுடும். 2021ல தமிழ்நாட்டுல 60 தாண்டினவங்க 13.6 சதவீதம், 2031ல 18.2 ஆகும்னு மத்திய அரசு கணக்கே சொல்லுது. ஒரு காலேஜ் பசங்க அஞ்சு பேர் நோட்டும் பேனாவும் எடுத்துட்டுப் போனா முடியிற வேலை இது, கூட போக வேற யாரும் கிடைக்கலைன்னா நான் வர்றேன்.